தங்களுக்குத் தெரியக்கூடாத முகவரி

அந்தக் கட்டிடத்துக்குள் யாருக்கும் பெயர் கிடையாது. வாசலில் காவலாளி ஒரு சீட்டை நீட்டி நம் பெயரை எழுதச் சொல்வார். எழுதியதும் நம் கண்ணெதிரிலேயே அதை நான்காகக் கிழித்துக் கூடையில் போடுவார். அதன் பிறகுதான் உள்ளே போகலாம். இணையத்தில் சந்தி சிரிக்கும் மனிதர்களின் சொந்த விஷயங்களைக் காப்பாற்றுவதற்கென்றே ஏற்பட்ட இடம் அது. அந்தரங்கக் காப்பு இயக்ககம் என்று பெயர். கட்டிடத்துக்கு மட்டும் பெயர் உண்டு. பதினோரு வருடங்களில் ஒரு பெயர்கூட அங்கிருந்து வெளியே கசிந்ததில்லை என்று கூடத்துச் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். அது உண்மையும்கூட.

பெயர் இல்லாமல் ஆட்களை எப்படிக் கூப்பிடுவது என்ற சிக்கல் முதல் வருடமே வந்தது. எண் கொடுத்துப் பார்த்தார்கள். எண்களெல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன, மனதில் நிற்கவில்லை என்று ஊழியர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். ஆகவே மனுவின் பொருளைச் சொல்லியே கூப்பிடுவது என்று முடிவாயிற்று. அது எல்லாருக்கும் நன்றாக மனதில் நின்றது.

தையல்காரம்மா முதன்முதலாக அங்கே போய் உட்கார்ந்த காலையில் கூடத்தில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். ஒலிபெருக்கி கரகரத்தது.

"படுக்கையில ஒண்ணுக்குப் போறவர், நாலாம் ஜன்னலுக்கு வரவும்."

முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை; தலையைப் படிய வாரியிருந்தார். அவருடைய வைத்தியக் குறிப்பு எப்படியோ இணையத்தில் வந்துவிட்டது. அதை எடுக்கச் சொல்லிக் கேட்க வந்திருந்தார். அதுவரை அதை ஒரு பத்துப் பேர் பார்த்திருக்கலாம். அவர் நாலாம் ஜன்னலுக்குப் போய்ச் சேர்வதற்குள் எழுபது பேர் கூடுதலாகத் தெரிந்துகொண்டார்கள்.

"மச்சினிக்குக் கடிதம் எழுதினவர், ரெண்டாம் ஜன்னல்."

இரண்டு பேர் எழுந்தார்கள்.

"கவிதையா எழுதினவர்," என்று ஒலிபெருக்கி திருத்தியது. ஒருவர் நிம்மதியாக உட்கார்ந்தார்.

தையல்காரம்மா சேலைத் தலைப்பை இடது கையில் இழுத்துச் சுற்றிக்கொண்டார். முழங்கைக்குக் கீழே, இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பதிந்த தழும்பு இருந்தது. முக்கோணம் கொஞ்சமும் பிசகாத தழும்பு. அவருடைய வீட்டுக்காரர் எந்த வேலையையும் நிதானமாகச் செய்கிறவர். இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு மத்தியானம், அவர் வெளியே போயிருந்த நேரத்தில், தையல்காரம்மா ஆறு வயது மகளையும் தையல் இயந்திரத்தின் தலையையும் தூக்கிக்கொண்டு ஊர் மாறி வந்துவிட்டார். இந்த ஊரில் யாரையும் தெரியாது என்பதுதான் இந்த ஊரில் அவருக்குப் பிடித்த விஷயம்.

வேலை நன்றாகவே நடந்தது. வாடிக்கையாளர் ஒருத்தர், சின்னப் பெண், அவர் தைத்த துணியில் மகிழ்ந்துபோய், தையல்காரர்களைத் தேடுகிற ஒரு செயலியில் அவருக்கென ஒரு பக்கம் திறந்து, ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதிவிட்டது. "நீல கேட்டுக்குப் பக்கத்துப் படியில் ஏறினால் இரண்டாம் மாடி. அக்காவும் பொண்ணும் மட்டும்தான் இருக்காங்க. எப்பப் போனாலும் வீட்டுல இருப்பாங்க. ரொம்ப நல்லவங்க!" கூடவே கதவின் படமும், கதவில் சாய்ந்து நிற்கிற தையல்காரம்மாவின் படமும். அதைச் செய்த பெண்ணுக்குக் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. விஷயத்தைச் சொன்னதும் அழுதேவிட்டது. எடுக்கலாம் என்றால் பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தது. செயலிக்காரர்களுக்கு எழுதினால், இயக்ககத்தின் உத்தரவு வேண்டும் என்று பதில் வந்தது. வாசலில் கொடுத்த மனுவில் காரணம் கேட்டிருந்த இடத்தில் தழும்பைப் பற்றி எழுதியிருந்தார்.

"இஸ்திரிப் பெட்டியால சூடு வாங்கினவங்க, ஏழாம் ஜன்னல்."

பெஞ்சில் பக்கத்தில் இருந்த அம்மா அவர் கையையே பார்த்தார். பிறகு தள்ளி உட்கார்ந்து வழிவிட்டார்.

ஏழாம் ஜன்னல்காரர் மரியாதையானவர்.

"சொல்லுங்கம்மா. என்ன மறைக்கணும்?"

"என் வீட்டு அட்ரஸ் சார்."

"யார்கிட்டயிருந்து?"

"எல்லார்கிட்டயிருந்தும்தான்."

"அப்படி முடியாதும்மா. எல்லார்கிட்டயிருந்தும் மறைச்சா அது மறைக்கிறது இல்ல, தொலைக்கிறது. தொலைஞ்ச பொருளுக்கு வேற ஆபீஸ் இருக்கு. இங்க ஒரு ஆளைச் சொல்லணும்."

"என் வீட்டுக்காரர்."

"அவர் விலாசம்?"

"அவர் விலாசம் எதுக்கு சார்?"

"யாருக்குத் தெரியக்கூடாதுன்னு எங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

நியாயமாகத்தான் பட்டது. எழுதிக் கொடுத்தார்.

"இப்ப உங்க விலாசம். கட்டத்துக்கு ஒரு எழுத்து. ஆறு காப்பி. அடையாளம் ஏதாவது இருந்தா அதையும் போடுங்க. போன மாசம் ஒருத்தர் அரைகுறையா எழுதினதால தப்பான வீட்டை மறைச்சுட்டோம்."

நீல கேட், பக்கத்துப் படி, இரண்டாம் மாடி என்று ஆறு தடவை எழுதினார். ஜன்னல்காரர் சரிபார்த்துவிட்டு மோவாயைச் சொறிந்தார்.

"எல்லாம் சரி. இது ரகசியம்தானான்னு எப்படித் தெரியும்?"

"நான்தானே சார் சொல்றேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. கடைசியில பாத்தா ஊருக்கே தெரிஞ்ச விஷயமா இருக்கு. தெரிஞ்ச விஷயத்தைக் காப்பாத்தி என்ன பிரயோஜனம்? ரகசியச் சான்றிதழ் வாங்கிட்டு வந்துருங்க. ஒண்ணுமில்ல, ஏழு நாள் அறிவிப்புப் பலகையில போடுவோம். எங்க இணையதளத்துலயும் போடுவோம். யாரும் 'எனக்கு முன்னாடியே தெரியும்'னு வந்து சொல்லலைன்னா ரகசியம்னு முத்திரை குத்திருவோம்."

"என் விலாசத்தையா போடுவீங்க?"

ஜன்னல்காரருக்கு மனது புண்பட்டுவிட்டது. "எங்களை என்னம்மா நினைச்சீங்க? விலாசம் சீல் வெச்ச கவர்ல இருக்கும். காரணத்தை மட்டும்தான் போடுவோம். கையை இப்படிக் காட்டுங்க, போட்டோ எடுக்கணும்."

பலகை வாசலுக்கு உட்புறம், கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. படத்தை ஒட்ட வந்தவர் ஐம்பதைத் தொட்ட ஒரு பெண்மணி. தபால் பிரிவில் கவர் ஒட்டுகிறவர். விரல் இடுக்கெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்த மாதிரி இருந்தது. எல்லாரும் அவரைப் பசையக்கா என்றே கூப்பிட்டார்கள். அவர் படத்தைப் பார்த்தார். பிறகு தையல்காரம்மாவின் கையைப் பார்த்தார்.

"கொஞ்சம் இந்தப் பக்கமாத் தள்ளி ஒட்டறேன் கண்ணு," என்று மெதுவாகச் சொன்னார். "கதவு திறந்திருந்தா மறைஞ்சுரும். பகல் முழுக்கக் கதவு திறந்துதான் இருக்கும்."

அந்த இயக்ககத்தில் தையல்காரம்மாவின் அந்தரங்கத்துக்குக் கிடைத்த முதல் பாதுகாப்பு அது. அதற்குப் படிவம் எதுவும் கிடையாது.

ஆனால் இணையதளத்துக்குக் கதவு இல்லை. நான்காம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"அம்மா, உன் கை எங்க கிளாஸ் பொண்ணு போன்ல இருக்கு. அது உன் கைதானேன்னு கேட்டா. இல்லைன்னுட்டேன். சரியாம்மா?"

"சரிடா," என்றார் தையல்காரம்மா. ஊசியில் நூல் கோக்க அன்று வெகுநேரம் ஆயிற்று.

எட்டாம் நாள் ஜன்னல்காரர் சிரித்த முகத்தோடு சான்றிதழை நீட்டினார். "நானூத்திப் பதினெட்டு பேர் பாத்திருக்காங்கம்மா. ஒருத்தர்கூட முன்னாடியே தெரியும்னு சொல்லலை. சுத்தமான ரகசியம் உங்களுது. இவ்வளவு சுத்தமா நான் பாத்ததே இல்ல."

அடுத்தது மூன்றாம் அறை. அங்கே இயக்குநர் இருந்தார். சாந்தமான முகம். தையல்காரம்மாவை உட்காரச் சொல்லி, தம் கையாலேயே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு பேசினார்.

"பயப்படாதீங்கம்மா. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. ஜனங்களுக்கு விவரம் போதாது. ரகசியத்தை வீட்டுல வெச்சிருக்காங்க. பீரோவுல வெச்சிருக்காங்க. சில பேர் மனசுல வெச்சிருக்காங்க! பாதுகாப்பே இல்லாத இடம். இங்க பாருங்க, அறுபதாயிரம் ரகசியம், அகரவரிசையில அடுக்கியிருக்கோம். யார் வேணும்னாலும் வந்து, ஒழுங்கா இருக்கான்னு பாத்துக்கலாம். மத்தியானம் சாப்பிட்ட பிறகு நானே ரெண்டு மூணு ஃபைல் எடுத்துப் படிப்பேன். எனக்கு எல்லாம் தெரியும். ஆனா யாரோடதுன்னு தெரியாது. அதுதாம்மா நாகரிகம்."

தையல்காரம்மா தலையாட்டினார்.

"ஒண்ணு சொல்றேன் கேளுங்க. இந்த நாற்காலியில உட்கார்ந்த இத்தனை வருஷத்துல எந்த மனுதாரரைப் பத்தியும் நான் கவலைப்பட்டதே கிடையாது. கவலைப்பட்டா யாருன்னு கேக்கத் தோணும். யாருன்னு கேட்டா பேர் வந்துரும். பேர் வந்துட்டா விதிமீறல். அந்த மாதிரி ஒரு தப்பு என் கையால நடக்காது."

சொல்லிக்கொண்டே உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பக்கம் தொண்ணூறு நாளுக்குள் எடுக்கப்படும். அதற்கு முன்னால் சட்டப்படி செய்ய வேண்டிய சின்னச் சின்ன காரியங்கள் இருக்கின்றன, அதையெல்லாம் அலுவலகமே பார்த்துக்கொள்ளும் என்றார். தையல்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மகளை உட்கார வைத்து, அந்த ஐயா நன்றாக இருக்க வேண்டுமென்று இரண்டு பேருமாகக் கடவுளைக் கும்பிட்டார்கள்.

சின்னச் சின்ன காரியங்களில் முதலாவது புதன்கிழமை மத்தியானம் தபால் பிரிவுக்கு வந்து சேர்ந்தது.

தபால் பிரிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரகசியக் கடிதங்கள் கடைசியாகக் கடந்து போகிற இடம் என்பதால் அங்கே எழுதப் படிக்கத் தெரியாதவர்களை மட்டும்தான் வேலைக்கு வைப்பார்கள். பசையக்கா வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு செய்தித்தாளை நீட்டிப் படிக்கச் சொன்னார்கள். தலைகீழாகப் பிடித்தார். அன்றே நியமன உத்தரவு கிடைத்தது. அன்று அவருக்கு உண்மையாகவே படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு நாளைக்கு இருநூறு கவர் என்று பதினோரு வருடம் ஒட்டினால் எழுத்து தானாகக் கையில் ஒட்டிக்கொள்ளும். முதலில் ஊர்ப் பெயர்கள் வந்தன. பிறகு தெருக்கள். பிறகு எல்லாம். அவர் யாரிடமும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான். கவருக்கு உள்ளே இருப்பதைப் படிப்பது பாவம் என்பதால் அவர் ஒருநாளும் படித்ததுமில்லை.

அந்தப் புதன்கிழமை கவர் தீர்ந்துபோயிருந்தது. கடிதத்தையே மடித்து ஒட்டிவிடச் சொன்னார்கள். மடிக்கும்போது கண்ணில் பட்டுவிட்டது.

"ஐயா, தங்கள் மனைவியின் தற்போதைய முகவரியைத் தங்களிடமிருந்து மறைக்க இவ்வியக்ககம் உத்தரவிட்டுள்ளது. எது மறைக்கப்படுகிறது என்பதை அறியாமல் ஒருவர் அதை அறியாதிருக்க இயலாது என்பதால், தங்களுக்குத் தெரியக்கூடாத முகவரி பின்வருமாறு தெரிவிக்கப்படுகிறது."

கீழே நீல கேட், பக்கத்துப் படி, இரண்டாம் மாடி. கட்டத்துக்கு ஒரு எழுத்து.

"மேற்படி முகவரி தமக்குத் தெரியாது எனத் தாங்கள் மேற்படி முகவரிக்கு நேரில் சென்று, மனுதாரர் முன்னிலையில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பவும்."

பசையக்கா அதை இரண்டு தடவை படித்தார். கிழித்துப் போட்டிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். பதிவேட்டில் ஒரு தபால் குறைந்தால் மறுநாளே நகல் கூரியரில் போகும். கூரியர் இன்னும் வேகம். தபால் என்றால் இரண்டு நாள் கிடைக்கும். ஆகவே ஒழுங்காகப் பசை தடவி ஒட்டிப் பையில் போட்டுவிட்டு, சாயங்காலம் வேலை முடிந்ததும் நேராக நீல கேட்டுக்கு நடந்தார்.

தையல்காரம்மா நம்பவில்லை.

"இருக்காதுக்கா. அந்த சார் கையால தண்ணி குடுத்தாரே."

"நல்ல மனுஷன்தான் கண்ணு. யாரு இல்லைன்னா? லெட்டர் போயிருச்சு. வெள்ளிக்கிழமை அவன் கையில இருக்கும்."

"வந்துருவாரா?"

பசையக்கா அந்தத் தழும்பைப் பார்த்தார். "நீயே சொல்லு."

தையல்காரம்மா எழுந்து போய் இயந்திரத்தின் தலையைக் கழற்ற ஆரம்பித்தார். திருகாணி ஒன்று இறுகிக்கொண்டது. இரண்டு பெண்களும் மாறி மாறித் திருகினார்கள். போர்வையில் சுற்றிக் கட்டியபோது, கைக்குழந்தையைத் துணியில் சுற்றி வைத்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை முதல் பஸ். பசையக்காவே போய் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். பஸ் கிளம்பும்போது தையல்காரம்மா ஜன்னல் வழியாக வீட்டுச் சாவியை நீட்டினார்.

"அலமாரியில பதிமூணு துணி இருக்குக்கா. சீட்டு குத்தியிருக்கு. அவங்கவங்ககிட்ட சேத்துருங்க. ஊரான் துணி, நம்மகிட்ட இருக்கக்கூடாது."

"நான் பாத்துக்கறேன். நீ போய்ச் சேரு."

மகள் கேட்டாள்: "அத்தை, நாங்க எங்க போறோம்னு ஸ்கூல்ல கேட்டா என்ன சொல்வீங்க?"

"தெரியாதும்பேன்."

"பொய்தானே?"

"பொய்தான்," என்றார் பசையக்கா. "சாமிகிட்ட நான் பேசிக்கறேன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, பசையக்கா அந்த வீட்டில் துணிகளைச் சீட்டு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். படியில் செருப்புச் சத்தம் நிதானமாக ஏறி வந்தது. திறந்திருந்த கதவையும் இரண்டு தட்டு தட்டினார் வந்தவர். நல்ல சட்டை, ஒரு கையில் மடித்த கடிதம், இன்னொரு கையில் குழந்தைக்குச் சாக்லேட்.

"இங்க தையல் வேலை செய்யறவங்க?"

"காலி பண்ணிட்டாங்க. நான் துணி வாங்க வந்தேன்."

"எங்க போயிருக்காங்க?"

"தெரியாதுங்க."

அவர் கோபப்படவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார். மேசையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. தையல்காரம்மா அதை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார். வந்தவர் அதன் அடிப்பாகத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"ஆறிப்போச்சு," என்றார்.

பிறகு கடிதத்தைப் பிரித்து நீட்டினார். "கவர்ன்மென்ட் லெட்டர். இதுல கையெழுத்துப் போடணுமாம். எந்த இடம்னே புரியலை."

பசையக்காவுக்கு, இவன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போய்த் தொலைந்தால் போதும் என்றிருந்தது. "இதோ, 'எதிர்மனுதாரர்'னு போட்டிருக்கே, அதுக்கு மேல," என்று விரலை வைத்தார். விரல் இடுக்கில் காய்ந்த பசை இருந்தது.

வந்தவர் அந்த விரலைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை அவர் இயக்ககத்துக்கு வந்தார். மனுதாரர் முன்னிலையில் கையெழுத்திடும் தம்முடைய உரிமை பறிக்கப்பட்டதாகவும், தமக்கு வந்த அந்தரங்கக் கடிதத்தை யாரோ முன்கூட்டியே படித்து மனுதாரருக்குச் சொல்லிவிட்டதாகவும் புகார் கொடுத்தார்.

"கையெழுத்துப் போட வந்தவர், மூணாம் அறைக்கு வரவும்," என்று ஒலிபெருக்கி மரியாதையாகக் கூப்பிட்டது. கூடத்தில் யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நடையில் கவர்க்கட்டோடு எதிரே வந்த பசையக்காவை அவர்தான் நின்று திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

பத்து நிமிடம் கழிந்தது.

"படிக்கத் தெரிஞ்சதை மறைச்சவங்க, மூணாம் அறைக்கு வரவும்."

கூடம் முழுக்கத் திரும்பியது. பசையக்கா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தார். படுக்கை நனைக்கிற பெரியவர் அன்றும் முன்வரிசையில் இருந்தார். காலை மடக்கி வழிவிட்டார்.

இயக்குநர் கலங்கிப்போயிருந்தார்.

"பதினோரு வருஷம்! இங்க, எங்க மூக்குக்குக் கீழேயே! எப்படிம்மா ஒருத்தருக்கும் தெரியாம வெச்சிருந்தீங்க?"

"யார்கிட்டயும் சொல்லலை சார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

இயக்குநர் அதைக் குறித்துக்கொண்டார். அப்படி ஒரு முறை இருப்பதை அவர் அன்றுதான் கேள்விப்பட்டார். கையெழுத்துப் போட வந்தவர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சரி, போகட்டும். மனுதாரர் இப்ப எங்க இருக்காங்க? அந்தப் புது விலாசத்தையும் இவர்கிட்டயிருந்து மறைக்கணும் இல்லையா? சட்டப்படி இவருக்கு நோட்டீஸ் அனுப்பணும். சொன்னீங்கன்னா வேலை போகாம நான் பாத்துக்கறேன்."

பசையக்காவுக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் நாலு வருடம் இருந்தது. டிக்கெட்டில் இருந்த ஊர்ப் பெயர் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஆரம்ப நாட்களில் எழுத்துக்கூட்டிப் படித்த ஊர்களில் அதுவும் ஒன்று.

"தெரியாது சார்," என்றார்.

மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் அதையே சொன்னார். அந்த இயக்ககத்தின் சரித்திரத்தில் காப்பாற்றப்பட்ட ஒரே முகவரி அதுதான். அந்தக் குற்றத்துக்காக அன்று சாயங்காலமே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். உத்தரவைப் பலகையில் ஒட்ட வேண்டியிருந்தது. ஒட்டுவதற்கு வேறு ஆள் இல்லாததால் அவரிடமே கொடுத்தார்கள்.

பசையக்கா அதை முழுக்க ஒருமுறை படித்தார், எல்லாரும் பார்க்க, வாய்விட்டு. பிறகு நாலு மூலையிலும் நன்றாகப் பசை தடவி, கதவு திறந்தாலும் மறையாத இடமாகப் பார்த்து ஒட்டினார்.